எட்டு பைட்டில் ஒரு வானிலை

ஒரு தானியங்கி வானிலை நிலையம் நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் அளக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜூலை 15, காலை 10.30 மணி. வெப்பநிலை 31.4 பாகை, அழுத்தம் 1008.2 ஹெக்டோபாஸ்கல். இதை நாம் கண்ணால் படிக்கும் விதமாகவே காற்புள்ளி இட்டு ஒரு வரியாகக் கோப்பில் எழுதினால், தேதிக்கும் நேரத்துக்கும் 19 எழுத்து, வெப்பநிலைக்கு 4, அழுத்தத்துக்கு 6, இரண்டு காற்புள்ளி, வரி முடிவுக்கு ஒன்று: மொத்தம் 32 பைட். இதே தகவலை, துளியும் குறையாமல், 8 பைட்டில் எழுதிவிடலாம்.

நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளின் எண்ணிக்கையாக மாற்றினால் அது 4 பைட்டுக்குள் அடங்கும். வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி 314 என்று வைத்தால் 2 பைட் போதும். இரண்டு பைட்டில் −32,768 முதல் 32,767 வரை எந்த முழு எண்ணும் கொள்ளும். அழுத்தம் 10082, அதற்கும் 2 பைட். பத்தால் பெருக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. பதின்ம முறையில் மூன்றில் ஒரு பங்கை எழுதி முடிக்க முடியாததுபோல், இரும முறையில் 31.4 என்பதையும் எழுதி முடிக்க முடியாது. 314 என்ற முழு எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நான்கில் மூன்று பங்கு எங்கே போயிற்று? எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் முன்பே தெரிந்தவற்றை எழுதாமல் விட்டோம், அவ்வளவுதான். முதல் நான்கு பைட் நேரம், அடுத்த இரண்டு வெப்பநிலை என்று இருவரும் ஒப்புக்கொண்டுவிட்டால் காற்புள்ளி வேண்டாம், புள்ளி வேண்டாம், பெயர் வேண்டாம். கணக்கு நோட்டில் பத்திகளின் தலைப்பை ஒருமுறை மேலே எழுதிவிட்டு, கீழே எண்களை மட்டும் இறக்கிக்கொண்டே போவோமே, அந்த வழிதான். இன்று பரவலாக உள்ள பல உரை வடிவங்கள் ஒவ்வொரு பதிவிலும் பெயரைத் திரும்ப எழுதுகின்றன. 'வெப்பநிலை' என்ற சொல் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் 9 குறியீடுகள்; ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 2 பைட் மதிப்புக்கு 27 பைட் பெயர்ப்பலகை!

ஆனால் ஒப்பந்தம் என்றால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 314 என்பதை இரண்டு பைட்டாக உடைத்தால் 1, 58 என்று வரும். 256-ஐ ஒன்றால் பெருக்கி 58-ஐக் கூட்டினால் 314. இதில் பெரிய பகுதியை முதலில் எழுதுவதா, சிறிய பகுதியையா? இன்டெல் வழிச் செயலிகள் சிறியதை முதலில் வைக்கின்றன. இணைய நெறிமுறைகள் பெரியதை முதலில் அனுப்புகின்றன. ஒருவர் ஒரு வரிசையில் எழுதி மற்றவர் மறு வரிசையில் படித்தால் 314 என்பது 14,849 ஆகிவிடும்: நம் நிலையத்தில் வெப்பநிலை 1484.9 பாகை! 1980-இல் கணினி அறிஞர் டேனி கோஹன் இந்தச் சச்சரவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்று 'கலிவரின் பயணங்கள்' நாவலில் லில்லிபுட் மக்கள் சண்டையிட்டார்கள் அல்லவா? அங்கிருந்து அவர் எடுத்த 'எண்டியன்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. எந்த வரிசை சிறந்தது என்பதைவிட, ஏதோ ஒன்றை எல்லோரும் ஒப்புக்கொள்வதே முக்கியம் என்பது அவர் வாதம்.

சி மொழியில் நிரல் எழுதுவோருக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. நினைவகத்தில் உள்ள பதிவை அப்படியே கோப்பில் கொட்டிவிடலாம் என்று தோன்றும். ஈரப்பதத்துக்கு ஒரு பைட் சேர்த்தால் பதிவு 9 பைட் ஆக வேண்டும். ஆனால் செயலி வேகமாகப் படிக்க வசதியாக, கம்பைலர் பொதுவாக அதை 12 பைட்டாக நீட்டும். கூடுதலாக விழும் மூன்று பைட்டில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. வேறொரு கணினியில் வேறொரு கம்பைலர் வேறு விதமாக நீட்டலாம். அதனால் ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியே, குறித்த நீளத்தில், குறித்த வரிசையில் எழுதுவதே பத்திரம். பைத்தான் மொழியின் 'ஸ்ட்ரக்ட்' தொகுதி இதற்காகவே இருக்கிறது. பைட் வரிசை எது, ஒவ்வொரு எண்ணுக்கும் எத்தனை பைட் என்பதையெல்லாம் ஒரு சிறு குறியீட்டுச் சரத்தில் அதனிடம் சொல்லிவிடலாம்.

எட்டு பைட்டோடு நிற்க வேண்டுமா? வெப்பநிலை ஒரு நிமிடத்தில் பெரிதாக மாறாது. 31.4-க்குப் பின் 31.5 வந்தால் 'ஒன்று கூடியது' என்று எழுதினால் போதும். நேர இடைவெளி எப்போதும் 60 வினாடி. அதைக் கோப்பின் முகப்பில் ஒருமுறை சொல்லிவிடலாம். இப்படிக் கிடைக்கும் சின்ன எண்களுக்கு மாறும் நீள எழுத்துமுறை ஒன்று உண்டு. பைட்டின் எட்டு பிட்டில் ஏழு எண்ணுக்கு, மீதமுள்ள ஒன்று 'இன்னும் வருகிறது' என்று சொல்ல. 127 வரை ஒரே பைட். 300 என்றால் இரண்டு. கூகுள் 2008-இல் வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸ் இதைத்தான் கையாள்கிறது. குறை எண்களுக்கென்று அதில் உள்ள ஒரு முறை வளைந்து வளைந்து எண்ணும்: 0, −1, 1, −2, 2 என்பவை முறையே 0, 1, 2, 3, 4 ஆகின்றன. சின்ன மாற்றம், ஏறினாலும் இறங்கினாலும், சின்ன எண்ணாகவே இருக்கும். −64 முதல் 63 வரை ஒரு பைட்டில் அடங்கிவிடும்.

ஆக வெப்பநிலை மாற்றத்துக்கு ஒன்று, அழுத்த மாற்றத்துக்கு ஒன்று என ஒரு பதிவுக்கு 2 பைட். ஓராண்டில் 5,25,600 நிமிடங்கள். உரையாக எழுதினால் 1,68,19,200 பைட். நிலையான பதிவுகளாக 42,04,800. வேறுபாடுகளாக ஏறக்குறைய 10,51,200.

இதற்கு விலை உண்டு. எல்லாப் பதிவும் 8 பைட் என்றால் மூன்று லட்சமாவது பதிவு எங்கே என்று பெருக்கிப் பார்த்து நேரே தாவலாம். வேறுபாடுகளாக எழுதினால் முதலிலிருந்து கூட்டிக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஒன்று கெட்டால் அதற்குப் பின் வருவதெல்லாம் கெடும். அதனால் மணிக்கு ஒருமுறை முழு அளவையும் எழுதிவைப்பது நல்லது. காணொளிக் கோப்புகளில் இடையிடையே ஒரு முழுப் படம் வைக்கப்படுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இங்கேதான் நல்ல கோப்பு வடிவத்தின் குணம் தெரிகிறது. சுருக்கி மிச்சம் பிடித்த பைட்டுகளில் ஒரு சிறு பங்கை அது நம்பகத்துக்குத் திருப்பிச் செலவிடும். இதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான எடுத்துக்காட்டு பிஎன்ஜி படக் கோப்பு. ஜிஃப் படங்களில் பயன்பட்ட சுருக்க முறைக்கு யுனிசிஸ் நிறுவனம் காப்புரிமைக் கட்டணம் கோரியபோது, 1995 ஜனவரியில் தாமஸ் பூட்டல் ஒரு மாற்று வரைவை முன்வைத்தார். பலர் கூடித் திருத்திய அந்த வடிவம் 1996 அக்டோபரில் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி-யின் பரிந்துரையானது.

எந்தப் பிஎன்ஜி கோப்பைத் திறந்தாலும் முதல் எட்டு பைட் ஒன்றே: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் உள்ள 80, 78, 71 வடிவத்தின் பெயரெழுத்துகள். 137 என்பது 127-க்கு மேற்பட்டது. எட்டாவது பிட்டை வெட்டிவிடும் பழைய தொடர்பு வழியில் கோப்பு சென்றிருந்தால் முதல் பைட்டிலேயே குட்டு வெளிப்படும். 13, 10 என்பதும் கடைசி 10-உம் வரிமுடிவுக் குறிகள். உரை என்று நினைத்து எந்த மென்பொருளாவது அவற்றை 'திருத்தி' இருந்தால் உடனே தெரியும். 26 பழைய டாஸ் கணினியில் கோப்பு முடிந்தது என்பதற்கான குறி. யாராவது கோப்பைத் திரையில் கொட்டப் பார்த்தால் அது அங்கேயே நிறுத்திவிடும். எட்டே பைட்டில் இத்தனை காவல்!

அதன் பிறகு கோப்பு துண்டுகளாக வரும். ஒவ்வொன்றிலும் 4 பைட் நீளம், 4 பைட் பெயர், தகவல், 4 பைட் சரிபார்ப்பு எண். வழியில் ஒரு பிட் புரண்டாலும் சரிபார்ப்பு எண் காட்டிக்கொடுக்கும். துண்டின் பெயரில் முதல் எழுத்து சிறிய எழுத்தானால், 'இது உனக்குப் புரியாவிட்டால் தாண்டிப் போ' என்று பொருள். நீளம் முன்பே சொல்லப்பட்டிருப்பதால் தாண்டுவதும் எளிது. நாளை சேரப்போகும் துண்டுகளுக்கு இப்படி முன்கூட்டியே இடம் விட்டதால்தான் 2025-இல் அசைவூட்டப் படங்கள்கூட அதிகாரபூர்வமாக உள்ளே வர முடிந்தது. பழைய மென்பொருள் அந்தத் துண்டுகளைத் தாண்டி, பொதுவாக முதல் படத்தைக் காட்டும்.

இடம் விடாததன் விளைவையும் பார்க்கலாம். நம் வானிலைப் பதிவில் நேரத்துக்குக் கொடுத்த 4 பைட்டைக் குறி உள்ள எண்ணாகக் கொண்டால் அதன் உச்சம் 2,14,74,83,647 வினாடி. இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடியோடு அது நிரம்பிவிடும். அடுத்த வினாடி 1901-க்குத் தாவும். குறியை விட்டுவிட்டால் 2106 வரை தாங்கும். எதுவானாலும் ஒரு புலத்துக்கு எத்தனை பைட் என்று முடிவெடுப்பது, தரவு எத்தனை காலம் வாழும் என்று முடிவெடுப்பதுதான்.

ஆகவே அடுத்த முறை நிரலில் ஓர் இருமக் கோப்பை எழுதும்போது, முதலில் ஓர் அடையாளக் குறியும் ஒரு பதிப்பு எண்ணும் வையுங்கள். பைட் வரிசை, புலங்கள், அலகுகள், எதைப் பத்தால் பெருக்கினீர்கள் என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, கோப்போடு சேர்த்து வையுங்கள். உரைக்கோப்பு தன் பொருளைத் தானே ஓரளவு சொல்லிவிடும். இருமக் கோப்புக்கு அந்த வாய் இல்லை. ஓராண்டு வானிலையை 10 லட்சம் பைட்டில் அடக்கியது நம் திறமை என்றால், அந்த ஒரு பக்கம்தான் அதை வானிலையாக வைத்திருக்கிறது.