தோட்டா உள்ளே போனால் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை



போன எபிசோட்ல பழைய சாதனமும் புதிய சாதனமும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போறதைப் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த மெயில்கள்ல நான் எதிர்பார்க்காத கேள்வி ஒண்ணு இருந்தது. “அண்ணா, ஆபீஸ்ல மே மாசம் வாத்து வேட்டைக்குக் கூப்பிடறாங்க. ஷாட்கன் வாங்கலாமா? ஒரே துப்பாக்கிக்கு ரெண்டு பேரல் வாங்கி மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்னு சொல்றாங்களே, நிஜமா?”

ஆக்லாந்துல வளர்ந்தவங்களுக்கு இந்தக் கேள்வி என்னைக்காவது வரும். மே மாத முதல் சனிக்கிழமை வாத்து சீசன் திறக்கும். அன்னைக்கு வைகாட்டோ பக்கம் போற டீம் மேட் யாராவது உங்களுக்கும் இருப்பாங்க. நம்ம வீடுகள்ல இதைப் பேசவே ஆள் கிடையாது. தமிழ்நாட்டுக் குடும்பத்துக்குத் துப்பாக்கின்னா போலீஸ் அல்லது சினிமா. ஈழத்துக் குடும்பத்துக்குத் ‘துவக்கு’ங்கிற சொல்லே வேற பாரத்தோட வரும். அதனால வாங்குங்க, வாங்காதீங்கன்னு நான் சொல்லப் போறதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவன் கண்ணுல இந்த விஷயம் எப்படித் தெரியுதுன்னு சொல்றேன்.

முதலில் ஆள், அப்புறம்தான் துப்பாக்கி

நியூசிலாந்தில் 1983 ஆயுதச் சட்டத்தின் அடிப்படை, ஆளுக்கு உரிமம் கொடுப்பது. குறைந்தபட்ச வயது 16. பாதுகாப்புப் பாடம், தேர்வு, பிறகு நேர்காணல். உங்களை மட்டும் கேட்க மாட்டார்கள். உங்களை நெருக்கமாகத் தெரிந்தவர்களையும், கூட வாழ்பவர் இருந்தால் அவரையும் கேட்பார்கள். முதல் முறை கிடைக்கும் உரிமம் 5 ஆண்டுக்குத்தான்.

இந்த நேர்காணல் வெறும் ஃபார்மாலிட்டி இல்லை. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவனிடம் இருந்தது முறையான உரிமம். அவனுக்காகச் சாட்சி சொன்னவர்கள், ஆன்லைன் விளையாட்டு மூலம் பழகிய ஒரு நண்பரும் அந்த நண்பரின் பெற்றோரில் ஒருவரும். நெருங்கிய உறவினர் யாரையும் கேட்கவில்லை. உரிமம் கொடுத்த விதத்தில் இருந்த இந்தக் குறையை அரச ஆணைக்குழு 2020இல் விரிவாக எழுதியது. ஒரு சிஸ்டத்தில் உள்ளீட்டைச் சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியாது. அதனால் உங்க அப்பாவையோ மனைவியையோ கூப்பிட்டுச் சங்கடமான கேள்விகள் கேட்டால் எரிச்சல்படாதீங்க. கேட்கத்தான் வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரலில் பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன. ஷாட்கன் விஷயத்தில் நினைவில் வைக்க வேண்டிய எண் 5. குழாய் மேகசினில் 5 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் பம்ப் அல்லது செமி ஆட்டோ ஷாட்கன் தடைப் பட்டியலில் வரும். கழற்றி மாட்டும் மேகசின் உள்ளதும் அப்படியே. அமெரிக்க யூடியூப் சேனல்களில் பார்ப்பதில் பாதி இங்கே செல்லாது.

12 கேஜ் என்றால் 12 என்ன?

இது மில்லிமீட்டரும் இல்லை, அங்குலமும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக உருட்டினால், அதில் ஒரு உருண்டை சரியாக நுழையும் குழாய்தான் 12 கேஜ். கணக்குப் போட்டால் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சின்னதாகும். அதனால் 20 கேஜ் என்பது 15.6 மில்லிமீட்டர். எண் கூடக் கூடக் குழாய் சின்னதாகும். இந்த வரிசைக்குள் அடங்காமல் தனியாக நிற்பது .410. அது நேரடியாக அங்குலக் கணக்கு.

இது சும்மா பொது அறிவு இல்லை. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் சேம்பருக்குள் வழுக்கிக்கொண்டு போய், குழாய் குறுகும் இடத்தில் மாட்டி நிற்கும். பின்னாலிருந்து பார்த்தால் சேம்பர் காலி மாதிரி இருக்கும். சுட்டால் வெடிக்காது. “லோட் பண்ண மறந்துட்டேன் போல”ன்னு நினைச்சு 12 கேஜ் தோட்டா ஒண்ணைப் பின்னால் போட்டுச் சுட்டால், முன்னால் அடைப்பு. பேரல் வெடிக்கும், அதுவும் முன்கையைப் பிடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே. இதனால்தான் தயாரிப்பாளர்கள் 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கிறார்கள். வீட்டில் ரெண்டு கேஜ் துப்பாக்கியும் இருந்தால், ரெண்டு தோட்டாவும் ஒரே பையில், ஒரே ஜாக்கெட் பாக்கெட்டில் இருக்கவே கூடாது.

சேம்பர் நீளம்: தப்பாகவும் சொருக முடிகிற போர்ட்

கேஜ் சரியாக இருந்தால் போதாது. 12 கேஜ் தோட்டாக்கள் மூன்று முக்கிய நீளங்களில் வருகின்றன: 70, 76, 89 மில்லிமீட்டர். பழைய கணக்கில் இரண்டே முக்கால், மூன்று, மூன்றரை அங்குலம். விதி எளிது. நீளச் சேம்பரில் குட்டைத் தோட்டா போடலாம். குட்டைச் சேம்பரில் நீளத் தோட்டா போடக் கூடாது. செமி ஆட்டோவில் மட்டும், லேசான தோட்டா பாதுகாப்பாக இருந்தாலும் துப்பாக்கியை இயக்கும் அளவுக்குச் சக்தி தராமல் போகலாம்.

பொறி எங்கே இருக்கிறது என்றால், பெட்டியில் எழுதியிருக்கும் நீளம் சுட்ட பிறகு உள்ள நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடித்திருக்கும், அதனால் குட்டையாக இருக்கும். ஆகவே 76 மில்லிமீட்டர் தோட்டா 70 மில்லிமீட்டர் சேம்பருக்குள் அழகாக உட்காரும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல், குறுகும் பகுதிக்குள் போய் வாயை நெருக்கும். அழுத்தம் எகிறும்.

நாம் எழுதும் கோடில் டைப் தப்பா இருந்தா கம்பைலர் கத்தும். இங்கே கத்த யாரும் இல்லை. அதனால் பேரலின் பக்கவாட்டில் பொறித்திருப்பதைப் படிங்க: கேஜ், சேம்பர் நீளம், சோக். எழுத்து தேய்ந்துபோன பழைய துப்பாக்கி என்றால் ஒரு கன்ஸ்மித்திடம் காட்டி அளந்து வாங்குங்க. தாத்தா காலத்துத் துப்பாக்கி என்பதே அளக்காமல் சுட ஒரு காரணம் ஆகாது.

ஸ்பேர் பேரல் வாங்கலாமா?

வாங்கலாம். பம்ப் ஷாட்கன்களின் அழகே அதுதான். ரெமிங்டன் 870 போன்ற ஒன்றில் மேகசின் குழாயின் முனையிலுள்ள மூடியைத் திருகி எடுத்தால் பேரல் கையோடு வந்துவிடும். வாத்துக்கு 28 அங்குலம், புதருக்குள் போக அதைவிடக் குட்டை, தனிக் குண்டு சுட இன்னொன்று என ஒரே உடம்புக்கு வேறு வேறு முகம். ஆனால் பணம் கொடுக்கும் முன் நாலு விஷயம் பாருங்க.

ஒன்று, உடம்பின் வரம்பு. 76 மில்லிமீட்டர் சேம்பர் பேரலை, 70 மில்லிமீட்டருக்குச் செய்த பழைய ரிசீவரில் மாட்டினால் துப்பாக்கி மேம்பட்டுவிடாது. சுட்ட கூட்டை வெளியே தள்ளும் அமைப்பும் வாசலும் பழைய அளவிலேயே இருக்கும்.

இரண்டு, மேகசின் குழாயின் நீளம். மோஸ்பெர்க் 500 என்ற ஒரே பெயரில், குழாய் நீளம் வேறுபடும் வடிவங்கள் உண்டு. பேரலைப் பிடிக்கும் வளையம் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் பேரல் இன்னொன்றில் உட்காராது. விளம்பரத்தில் மாடல் பெயர் மட்டும் பார்த்து வாங்குவது, ‘லேப்டாப் சார்ஜர்’னு மட்டும் தேடி வாங்குற மாதிரி.

மூன்று, சட்டத்தின் அளவுகோல். இங்கே மொத்த நீளம் 762 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அது சட்டப்படி பிஸ்டல். குட்டை பேரலும் குட்டைக் கட்டையும் சேர்ந்து உங்களை அறியாமலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். பேரலை வீட்டிலேயே அறுக்கும் எண்ணமே வேண்டாம். வெளிநாட்டுத் தளத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்றாலும், துப்பாக்கியின் பாகத்தை இறக்குமதி செய்ய முன்கூட்டியே அனுமதி வேண்டும். சுங்கத்தில் மாட்டிய பிறகு வாங்க முடியாது.

நான்கு, மடக்குத் துப்பாக்கி. மேலும் கீழுமாக இரட்டைக் குழல் உள்ள வகையில் பேரலும் உடம்பும் ஒன்றுக்கொன்று தேய்த்துப் பொருத்தப்பட்டவை. அதே கம்பெனி, அதே மாடல் என்றாலும், வேறு துப்பாக்கியின் பேரலை கன்ஸ்மித் பொருத்திக் கொடுக்காமல் போடக் கூடாது.

என் யோசனை: முதல் துப்பாக்கிக்கு ஸ்பேர் பேரலே வேண்டாம். திருகி மாற்றும் சோக் உள்ள ஒரே பேரல் போதும். சோக் என்பது பேரல் முனையில் உள்ள நெருக்கம். நெருக்கினால் பால்ரஸ் கூட்டம் அதிக தூரம் பிரியாமல் போகும். தளர்த்தினால் சீக்கிரம் விரியும். பேரல் மாற்றிச் செய்யும் வேலையில் பாதியை இதுவே செய்துவிடும்.

ஈயமா, எஃகா?

ஈயம் விஷம். வாத்துகள் இரையை அரைக்கச் சின்னக் கற்களை விழுங்கும். குளத்து அடியில் கிடக்கும் ஈய பால்ரஸையும் கல் என்று விழுங்கிச் சாகும். அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நாடு முழுதும் தடுத்தது. இங்கேயும் நீர்நிலை பக்கம் வாத்து சுட 12 கேஜில் ஈயம் கூடாது. துப்பாக்கி உரிமம் போக வேட்டைக்குத் தனி உரிமம் வேண்டும். அதைக் கொடுக்கும் ஃபிஷ் அண்ட் கேம் அமைப்பு ஒவ்வொரு சீசனுக்கும் விதிகளை வெளியிடும். அதைப் படித்துவிட்டுப் போங்க.

எஃகின் அடர்த்தி சுமார் 7.8, ஈயத்துக்கு 11.3. அதே அளவு உருண்டை எஃகில் லேசாக இருப்பதால் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். ஈடுகட்ட ரெண்டு அளவு பெரிசாகப் போவது வழக்கம்: ஈயத்தில் 4ஆம் எண் என்றால் எஃகில் 2ஆம் எண். இங்கேயும் எண் குறைந்தால் பால்ரஸ் பெரிது, சுமார் 3.3 மில்லிமீட்டரிலிருந்து 3.8 ஆகும். எஃகு நசுங்காது என்பதால் மிக நெருக்கமான சோக்கில் பெரிய எஃகு பால்ரஸ் பேரலைக் கெடுக்கும். பாதி நெருக்கமான ‘மாடிஃபைட்’ வரை நிறுத்திக்கொள்ளுங்க. பழைய மெல்லிய பேரலில் எஃகே வேண்டாம். களிமண் தட்டு சுடுவதற்கு 24 அல்லது 28 கிராம் தோட்டா தாராளம். கனமான தோட்டா தோளைத்தான் பழிவாங்கும்.

ரெஜிஸ்ட்ரி: 40 வருட டேட்டா இடைவெளி

1983 சட்டம் ஆளுக்கு உரிமம் கொடுத்துவிட்டு, சாதாரண நீளத் துப்பாக்கிகளைப் பதிவதைக் கைவிட்டது. விளைவு, நாட்டில் எத்தனை துப்பாக்கி என்று யாருக்கும் தெரியாது. 2019இல் தடை செய்த துப்பாக்கிகளை அரசு காசு கொடுத்துத் திரும்ப வாங்கியபோது 50,000க்கும் மேல் வந்தன. அது மொத்தத்தில் எத்தனை சதவீதம்? சொல்ல முடியாது, ஏனென்றால் வகுக்கும் எண் இல்லை. 1997இல் நீதிபதி தோர்ப் தன் அறிக்கையில் பதிவேடு வேண்டும் என்று சொல்லியும், அது 2023 ஜூன் 24 அன்றுதான் திறந்தது. வாங்கினாலும் விற்றாலும் உங்கள் பதிவைச் சரியாக வைத்திருப்பது உங்கள் கடமை.

சாவி யாரிடம்?

கடைசியா, நம்ம வீடுகளுக்கு முக்கியமான விஷயம். துப்பாக்கி பூட்டிய, உறுதியாகப் பிணைத்த பெட்டியில்; தோட்டா வேறு இடத்தில், அதுவும் பூட்டி. உரிமம் இல்லாத யாருக்கும் சாவி கிடைக்கக் கூடாது. மனைவி, கணவன், அம்மா, அப்பா, எல்லாருக்கும் இதே விதி. நம்ம வீட்டில் எல்லாச் சாவியும் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். இந்தச் சாவி அங்கே தொங்க முடியாது. நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஒரு கெட்ட ராத்திரியில், மனசு உடைஞ்ச ஒருத்தர் கைக்கும் ஆயுதத்துக்கும் நடுவுல ஒரு பூட்டு இருக்கணும். வீட்டில் யாராவது அப்படிப்பட்ட காலத்தைக் கடந்துகொண்டிருந்தால், துப்பாக்கி வாங்கும் ஆண்டு அது இல்லை. போரைப் பார்த்த பெரியவர்கள் இருந்தால், பெட்டி வந்து இறங்கும் முன் அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்க. அவர்கள் வேண்டாம்னு சொன்னா, அதுவும் ஒரு சரியான பதில்தான்.

இதெல்லாம் படிச்சும் ஆசை குறையலைன்னா, வாங்கும் முன் ஒரு வழி இருக்கு. உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டால், உரிமம் இல்லாதவரும் சாதாரண ஷாட்கன் சுடலாம். களிமண் தட்டு சுடும் கிளப் ஒன்றில் ஒரு சனிக்கிழமை போய் 25 தட்டு சுட்டுப் பாருங்க. அங்கேயே நாலு பேர் துப்பாக்கியின் பேரலைப் படிங்க: கேஜ், சேம்பர், சோக். மூன்றையும் நீங்களே படிச்சுச் சொல்ல முடிஞ்ச பிறகு கடைக்குப் போகலாம்.

கேள்வி இருந்தா இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.