‘சூப்பர்’ மட்டும் போதுமா? புகைப்படத்துக்குக் கருத்துச் சொல்வதும் கேட்பதும்

சுங்கை பூலோ ஈரநிலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்று மணி நேரம் காத்திருந்து, கழுத்தில் வெள்ளைப் பட்டை கொண்ட நீல மீன்கொத்தி ஒன்றைப் படம் பிடித்தேன். பேருந்தில் ஏறியதும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பத்து நிமிடங்களில் கட்டைவிரல்கள், கைதட்டல்கள், ‘சூப்பர்ணே’, ‘வேற லெவல்’. கடைசியாக ஒருவர் மட்டும், “வாலுக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரிவது என்ன?” என்று கேட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சேற்றில் கிடந்த பிளாஸ்டிக் போத்தல். மூன்று மணி நேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவில்லை.

அவர்மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன். ஆனால், அன்று வந்த பதில்களில் எனக்குப் பயன்பட்டது அந்த ஒன்றுதான்.

அதே குழுவில் இன்னொன்றும் நடந்தது. மழை விட்ட மாலையில், வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் தேங்கிய நீரில் தாழ்வார விளக்குகள் விழுந்து கலங்குவதை ஓர் இளம் உறுப்பினர் படம் எடுத்துப் போட்டார். “என்னம்மா இது, தலைகீழா வந்திருச்சா?” என்று ஒருவர் கேட்டார். பின்னாலேயே சிரிப்புக் குறிகள். அரை மணி நேரத்தில் அவர் படத்தை அழித்துவிட்டார். அதன்பின் குழுவில் எதையும் போடவில்லை. அந்தச் சிரிப்புக் குறிகளில் ஒன்று நான் போட்டது.

பாராட்டுவதும் கிண்டல் செய்வதும் எளிது. இரண்டுக்கும் படத்தை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. பயன்படும் கருத்தைச் சொல்வதற்கு மட்டும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இயற்கைப் படங்களில் இது ஓரளவு சுலபம். பறவையா, நீர்நாயா, தும்பியா என்று எல்லாருக்கும் தெரியும். எனவே முதலில் கண்ணைப் பாருங்கள். உயிரினத்தின் கண் தெளிவாக இருந்தால், மற்ற இடங்கள் சற்று மங்கினாலும் பெரும்பாலும் மன்னித்துவிடலாம். அடுத்தது பின்னணி. தலையிலிருந்து கிளை முளைத்ததுபோல் இருக்கிறதா? ஓரத்தில் வெளிச்சப் பொட்டு எதுவும் கண்ணை இழுக்கிறதா? பிறகு, பறவை பார்க்கும் திசையில் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருக்கிறதா? இறக்கை மங்கியிருந்தால் “ஷார்ப்பா இல்லை” என்று விட்டுவிடாதீர்கள். “ஷட்டர் வேகம் எவ்வளவு வைத்தீர்கள்? இரண்டாயிரத்தில் ஒரு விநாடிக்குப் போய்ப் பாருங்களேன்” என்றால், அடுத்த வாரம் அவர் அதைச் செய்து பார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும் படம் சுருக்கப்பட்டுத்தான் வந்து சேரும். இறகின் நுண்மையெல்லாம் அதில் கரைந்துவிடும். படத்தைக் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் கணினித் திரையில் பாருங்கள். எம்ஆர்டி பயணத்தில், வெளிச்சம் குறைத்த கைப்பேசியில் பார்த்துவிட்டு “இருட்டா இருக்கு” என்று எழுதியவர்களில் நானும் ஒருவன்.

கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்றும் உண்டு: “இதை எப்படி எடுத்தீர்கள்?” சிங்கப்பூரில் வனவிலங்குகளுக்கு உணவளிப்பது 2020 ஜூன் முதல் சட்டவிரோதம். முதல்முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். அதற்கு முன்னரே, மீனுக்குள் நுரைப்பஞ்சை அடைத்து மிதக்கவிட்டுக் கழுகை வரவழைத்த ஒருவருக்கு இங்கு அபராதம் விதிக்கப்பட்டது. கூட்டுக்குப் பக்கத்தில் போய் எடுத்த படத்துக்கும், தீனி போட்டு எடுத்த படத்துக்கும் நாம் ‘சூப்பர்’ போட்டால் அடுத்தவரும் அதையே செய்வார். இதில் மட்டும் மென்மை வேண்டாம் என்பது என் கருத்து.

அருவப் படங்களுக்கு வருவோம். இங்கேதான் நாம் தடுமாறுகிறோம். “இது என்ன?” என்பதுதான் வாயில் வரும் முதல் கேள்வி. பெரும்பாலும் அது உதவாத கேள்வியும்கூட. தேங்கிய நீர் என்று தெரிந்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930ல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்துப் படம் எடுத்தார். ‘பெப்பர் நம்பர் 30’ என்ற அந்தப் படத்தில் மிளகாய் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும், முதுகு வளைந்து கிடக்கும் மனித உடலைப் பார்ப்பதுபோல் கண் அதன் வளைவுகளில் ஊர்ந்து போகிறது. அதற்கு “நல்ல மிளகாய்” என்று கருத்துச் சொன்னால் எப்படி இருக்கும்?

எனவே கேள்வியை மாற்றிக்கொள்ளலாம். கண் முதலில் எங்கே போனது? அங்கிருந்து எங்கே நகர்ந்தது? எங்கே மாட்டிக்கொண்டது? குளிர்ச்சியா, பதற்றமா, என்ன தோன்றியது? படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பொருள் மறைந்து, வெளிச்சமும் இருட்டும் எந்தப் பக்கம் கனக்கின்றன என்பது தெரியும். வண்ணம்தான் படத்தைத் தாங்குகிறதா என்ற ஐயம் வந்தால் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கேமராவை வேண்டுமென்றே அசைத்து மரங்களைக் கோடுகளாக்கும் படங்களில், “ஆடிவிட்டதே” என்பது குறையாகாது, “கோடுகள் ஒரே திசையில் ஓடவில்லை, அது வேண்டும் என்று செய்ததா?” என்பது நியாயமான கேள்வி.

நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990ல் உருவாக்கிய கருத்துரை முறை ஒன்று பல கலைகளுக்கும் பரவியிருக்கிறது. பார்த்தவர்கள் முதலில் தங்களுக்கு எது பொருளுள்ளதாகப் பட்டது என்று சொல்வார்கள். பிறகு படைத்தவர் கேள்வி கேட்பார். அடுத்து, பார்த்தவர்கள் தீர்ப்புக் கலவாத கேள்விகளைக் கேட்பார்கள். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் “இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, சொல்லலாமா?” என்று அனுமதி கேட்டபின். வாட்ஸ்அப் குழுவில் நான்கு படிகளையும் வரிசையாகப் பின்பற்றுவது நடக்காத காரியம். அந்த அனுமதியை மட்டுமாவது கேட்கலாமே.

கருத்தைக் கேட்பவருக்கும் வேலை இருக்கிறது. “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “சூப்பர்” என்றுதான் வரும். “இடப்பக்க இருட்டு அதிகமா?” என்று கேட்டுப் பாருங்கள். படத்தோடு கதையையும் எழுதிவிடாதீர்கள். விடிகாலை எழுந்தது, கொசுக்கடி எல்லாம் நம் நினைவில் இருக்கின்றன, படத்தில் இல்லை. பதில் வந்ததும் விளக்கம் கொடுக்கவும் வேண்டாம். ஒருவர் சொன்னால் குறித்துக்கொள்ளலாம். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. அப்போதும் அசல் கோப்பின் பிரதி ஒன்றில்தான் கை வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த முகப் படங்களின் வலிமைக்குக் காரணம், எதிரில் உட்கார்ந்தவர்களை அவர் வசியப்படுத்தும் திறமைதான் என்று ஓர் எழுத்தாளர் எழுதினார். ஸ்டீக்லிட்ஸுக்கு அது சுட்டது. யாரும் வசியம் செய்ய முடியாத மேகங்களை 1922ல் படம் எடுக்கத் தொடங்கினார். பின்னர் ‘ஈக்விவலன்ட்ஸ்’ என்ற பெயரில் வளர்ந்த அந்த வரிசை அருவப் புகைப்படக் கலையின் தொடக்கங்களில் ஒன்றாக இன்று பேசப்படுகிறது. தவறான கருத்துக்கும் இப்படி ஒரு பயன்.

சென்ற மாதம் அந்த இளம் உறுப்பினருக்குத் தனியாக எழுதினேன். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டு, படம் இன்னும் இருக்கிறதா என்றேன். மறுநாள் கோப்பாக அனுப்பினார். கணினியில் திறந்து பத்து நிமிடம் பார்த்தேன். மஞ்சள் கோடுகள் ஒரு துளி விழுந்த இடத்தில் உடைந்து மறுபடி சேருவது அழகாக இருந்தது. வலது ஓரத்தில் கறுப்பாக ஒன்று கண்ணைப் பிடித்து நிறுத்தியது. இரண்டையும் எழுதிவிட்டு, “அந்தக் கறுப்பு வேண்டுமென்றே விட்டதா?” என்று கேட்டேன்.

“அது என் செருப்பு நுனி அண்ணே. இப்பத்தான் பார்க்கிறேன்” என்று பதில் வந்தது. வெட்டிவிட்டாராம். குழுவில் மறுபடி போடுவதைப் பற்றி மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.