ஜீப் விலைக்கு விமானம்: வாங்குவது இலகு, வைத்திருப்பதுதான் கணக்கு

பேருவளையைச் சேர்ந்த மாணிக்கக்கல் வியாபாரியான சகோதரர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். "நானா, ஒரு ஜீப்புட காசுக்கு ரெண்டு எஞ்சின் பிளேன் ஒண்டு ஈக்கி. மூணு பேரு சேர்ந்து எடுத்தா என்ன?" என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. 1998இல் மடகஸ்காரின் இலகாகாவில் நீலக்கல் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து எமது வியாபாரிகள் பலர் அங்கு போய் வருகின்றனர். தலைநகரிலிருந்து இலகாகாவுக்குத் தரைவழியாக எழுநூறு கிலோமீற்றருக்கு மேல். அந்தப் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போனவருக்கு ஆகாயத்தைப் பார்த்தால் இப்படியொரு யோசனை வரத்தான் செய்யும்.

விலை விடயத்தில் அவர் சொன்னது பிழையல்ல. 1970களில் அமெரிக்காவில் தயாரான பைப்பர் சினெக்கா என்ற ஆறு ஆசன விமானம் இன்றும் ஒரு இலட்சம் டொலர் அளவில் விற்பனைக்கு வருகிறது. வரியெல்லாம் கட்டி கொழும்பில் ஓடும் பெரிய ஜப்பான் ஜீப்புகள் சிலவற்றின் விலை இதைவிட அதிகம். ஆனால் இரண்டு எஞ்சின் பூட்டிய விமானத்தை ஏன் இந்த விலைக்குத் தருகிறார்கள் என்பதையே வியாபாரி முதலில் கேட்க வேண்டும்.

நான் விமானி அல்ல, கணக்காளன். புளோரிடா மாநிலத்தில் சிறு விமானங்களைப் பராமரிக்கும் கூடமொன்றில் நான்கு வருடங்கள் கணக்கு எழுதினேன். எந்த எஞ்சின் எப்போது கழற்றப்பட்டது, அதற்கு யார் எவ்வளவு செலுத்தினார் என்ற விபரமெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சினெக்கா 1972 மாடலாகச் சந்தைக்கு வந்தது. 1975இல் வந்த இரண்டாவது வகையில் தலா 200 குதிரைவலு கொண்ட இரண்டு கொன்டினென்டல் டர்போ எஞ்சின்கள் உண்டு. இரண்டும் சேர்ந்து மணித்தியாலத்திற்குச் சுமார் 22 அமெரிக்க கலன் எரிபொருள் குடிக்கும். அது நாம் மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் பெற்றோல் அல்ல. ஈயம் கலந்த அவ்காஸ் எனும் விமானப் பெற்றோல். பெரிய விமானங்களுக்கு ஊற்றும் ஜெட் எரிபொருள் பெரும்பாலான விமான நிலையங்களில் கிடைக்கும். அவ்காஸ் அப்படியல்ல. ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இலகாகா போக நினைப்பவர் விமானத்தின் விலையை விசாரிக்குமுன் அங்கே அவ்காஸ் கிடைக்குமா என்று விசாரிப்பது நல்லது.

ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றது கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம்பித்தான் எல்லோரும் இரட்டை எஞ்சினை விரும்புகிறார்கள். இது பாதி உண்மை. முழுச் சுமையுடன் கடல் மட்டத்தில் இரண்டு எஞ்சினும் இயங்கும்போது சினெக்கா நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,300 அடி ஏறும். ஒன்று நின்றால் 225 அடி அளவுதான். வலு பாதியாகக் குறைய, ஏறும் சக்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போய்விடுகிறது. அதுவும் விமானி பதறாமல், நின்ற பக்கத்துக் காற்றாடியின் இலைகளைக் காற்றுக்கு வாகாகத் திருப்பி, சரியான வேகத்தைப் பிடித்தால் மட்டுமே. வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் ஓடுகின்ற எஞ்சினே விமானத்தைப் பக்கவாட்டில் இழுத்துக் கவிழ்த்துவிடும். எனவே வருடாந்தப் பயிற்சிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். பயிற்சி எடுக்காத விமானிக்குக் காப்புறுதிக் கம்பனிகள் இலகுவில் கை கொடுப்பதில்லை.

பராமரிப்புக்கு வருவோம். எதையும் இரண்டால் பெருக்கினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது போதாது. ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக், இரண்டு எஞ்சின். ஆக 24 பிளக். எஞ்சினுக்கு இரண்டு வீதம் நான்கு மெக்னீற்றோ. அவற்றை 500 மணித்தியாலத்திற்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். சுமார் 50 மணித்தியாலத்தில் எண்ணெய் மாற்றும்போது பில்டரையும் வெட்டி விரித்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் கூடத்தில் பில்டர் வெட்டும் நேரத்தில் உரிமையாளர்கள் அருகில் வந்து நிற்பார்கள். வைத்தியரின் அறிக்கைக்குக் காத்திருப்பவரின் முகம் அப்போது அவர்களிடம் இருக்கும். இவை போக மடங்கும் சக்கரங்களும் அவற்றுக்கான ஹைட்ரோலிக் பம்பும் இருக்கின்றன. சினெக்காவின் முன்சக்கரக் கால் மடங்கிவிடும் பிரச்சினைக்காக அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கட்டாய உத்தரவே பிறப்பித்தது. விமானத்தில் பெற்றோலை எரித்துச் சூடு தரும் ஹீற்றர் ஒன்றும் உண்டு. புளோரிடா வெயிலில் அதை யாரும் போடுவதில்லை. ஆனாலும் அதற்கும் பரிசோதனைத் தவணை உண்டு.

வருடத்திற்கு ஒருமுறை முழு விமானத்தையும் திறந்து பரிசோதிப்பது அமெரிக்கச் சட்டப்படி கட்டாயம். இதற்கு உரிமையாளர்கள் ஒரு தொகையை எதிர்பார்த்து வருவார்கள். பரிசோதனைக் கூலி பெரும்பாலும் அந்தத் தொகைக்குள் அடங்கும். திறந்த பிறகு கண்ணில் படுபவற்றுக்கான பில்தான் அதைத் தாண்டும்.

இனி எஞ்சின் கணக்கு. இந்த எஞ்சினில் வழக்கமாகக் காணப்படும் வகையை 1,800 மணித்தியாலத்தில், அல்லது 12 வருடத்தில் முழுமையாகப் பிரித்துச் செய்யும்படி தயாரிப்பாளர் சிபாரிசு செய்கிறார். அமெரிக்காவில் தனியார் பாவனைக்கு இது கட்டாயமல்ல. ஆனால் விற்கும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது இதைத்தான். ஓர் எஞ்சினுக்கு 54,000 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,800ஆல் பிரித்தால் மணிக்கு 30 டொலர், இரண்டுக்கும் 60. பலரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் வருடத்திற்கு 100 மணித்தியாலம் பறப்பவருக்கு 12 வருடத்தில் ஓடுவது 1,200 மணித்தியாலமே. அவருக்கு மணிக்கு 45, இரண்டுக்கும் 90 டொலர். குறைவாகப் பறந்தால் செலவு மிச்சம் என்பது இங்கே தலைகீழாகிறது. கலன் 6 டொலர் என்றால் எரிபொருளுக்கு 132. ஆக 222 டொலர். ஹேங்கர் வாடகை, காப்புறுதி, வருடாந்தப் பரிசோதனை, ஐந்தாறு வருடத்திற்கு ஒருமுறை காற்றாடிகளைப் பிரித்துச் செய்தல் ஆகிய எதுவும் இன்னும் இதில் சேரவில்லை.

மூன்று பேர் சேர்ந்தால் பாரம் குறையுமே என்பது அடுத்த கேள்வி. குறையும், எழுதிக்கொண்டால். எங்கள் கூடத்துக்கு வந்த ஒரு சினெக்கா மூன்று நண்பர்களுக்குச் சமபங்கு. மூவரில் ஒருவர் மட்டும் பாதிக்கு மேல் பறந்தார். பறந்தவர் எரிபொருளுக்குக் கொடுப்பார். மற்றதெல்லாம் மூன்றில் ஒன்று என்பது அவர்களது வாய்ப் பேச்சு. எஞ்சினுக்கென்று யாரும் மாதாமாதம் எதுவும் போடவில்லை. 1,500 மணித்தியாலத்தைத் தாண்டி, இடது எஞ்சின் பில்டரில் உலோகம் பளபளத்தது. கூடுதலாக ஓட்டியவர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்றார்கள் மற்ற இருவரும். ஒப்பந்தம் சமபங்குதானே என்றார் அவர். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. காகிதம் மட்டும் இருக்கவில்லை. பதினான்கு மாதங்கள் அந்த விமானம் வெளியில் நின்றது. ஓடாத எஞ்சின் உள்ளே துருப்பிடிக்கும், றப்பர் சீல்கள் காயும். கடைசியில் நன்றாக இருந்த வலது எஞ்சினும் சந்தேகத்துக்குரியதாகி, உதிரிப்பாக வியாபாரி ஒருவர் சொன்ன விலைக்குப் போனது. மூவரும் ஒரே தெருவில் குடியிருந்தவர்கள். அதன்பின் ஒருவரோடொருவர் பேசிக் கொண்டதாக நான் அறியவில்லை.

கூட்டு முதலில் நஷ்டம் வந்தால் அவரவர் முதலின் விகிதப்படி என்பது எமது மார்க்க அறிஞர்கள் ஏற்ற விதி. ஆனால் பாவனையால் ஏற்படும் தேய்மானத்தை நஷ்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நிலையான செலவு சமமாக, ஓடும் செலவு மணித்தியாலப்படி, எஞ்சின் நிதி தனிக் கணக்கில், விலகுபவரின் பங்கை யார் எந்த அடிப்படையில் எடுப்பது. இத்தனையும் முதல் நாளே எழுதப்பட வேண்டும். தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்பகராவின் 282ஆம் வசனம் ஏவுவதை நாம் ஜும்ஆவில் கேட்கிறோம், கடையில் மறந்து விடுகிறோம்.

பழையது வேண்டாம், புதியதாக எடுக்கலாமே என்பவர்களுக்கு டயமண்ட் டி.ஏ.42 கதையைச் சொல்வேன். 2002இல் முதலில் பறந்த இந்த ஒஸ்திரிய விமானத்தில் ஜெட் எரிபொருளில் ஓடும் டீசல் எஞ்சின்கள் இருந்தன. அவ்காஸ் தலையிடி இல்லை, செலவும் குறைவு. ஆனால் எஞ்சின் செய்தது ஜேர்மனியின் தீலர்ட் கம்பனி. 2008 ஏப்ரலில் அது வங்குரோத்தானது. அதற்கு முன் கொடுத்த உத்தரவாதங்களை நிர்வாகத்தைப் பொறுப்பேற்றவர் ஏற்க மறுத்தார். கியர்பொக்ஸை அடிக்கடி கழற்றிப் பரிசோதிக்க வேண்டியிருந்த உரிமையாளர்கள் அந்தச் செலவைத் தம் கையாலேயே கொடுக்க நேர்ந்தது. டயமண்ட் சொந்தமாக எஞ்சின் செய்யத் தொடங்கி, 2009இல் புதிய வகையைக் கொண்டுவந்தது. இன்றைய டி.ஏ.42 நல்ல விமானம்தான். விலைதான் ஜீப் விலையல்ல.

பழையதைத்தான் வாங்குவதென்றால், விற்பவருக்கு அறிமுகமில்லாத மெக்கானிக் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, முற்பணம் கைமாறுமுன் விமானத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்கப் பிரஜையோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவரோ அல்லாதவர் அங்கே தம் பெயரில் விமானத்தைப் பதிய முடியாது. அறக்கட்டளை ஒன்றின் ஊடாகத்தான் பதியலாம், அதற்கும் வருடக் கட்டணம் உண்டு. எஞ்சின்களின் பதிவுப் புத்தகங்கள் முதல் பக்கத்திலிருந்து இருக்கின்றனவா என்று கேளுங்கள். 'ஓவர்ஹோல் செய்து 250 மணித்தியாலமே ஓடியது' என்ற விளம்பரங்கள் நிறைய வரும். அந்தப் பக்கத்தில் மணித்தியாலத்தைப் பார்த்துவிட்டு, அருகில் உள்ள திகதியையும் பாருங்கள். 1998 என்றிருந்தால், அந்த இரண்டு எஞ்சினுக்கும் விலை போடாமல் விமானத்தின் கூட்டுக்கு மட்டும் விலை பேசுங்கள்.