எதிர் வீட்டு வாசலில் கோலம் இல்லை

அன்று ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். சின்னவன் தண்ணீர் கேட்டான் என்று எழுந்தேன். தெருவில் ‘டொக்... டொக்’ என்று இரும்பின் மேல் இரும்பு படுகிற சத்தம். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ‘எதிர் வீட்டு அக்கா ஊரிலேர்ந்து வந்துட்டாங்க போலிருக்கு, கேட்டைத் திறக்கிறாங்க’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பையனைத் தட்டித் தூங்க வைத்துவிட்டு நானும் படுத்துவிட்டேன்.

அது கேட்டைத் திறந்த சத்தமில்லை. கதவின் நாதாங்கியைக் கடப்பாரையால் பெயர்த்த சத்தம் என்பது விடிந்த பிறகுதான் தெரிந்தது. பால் வாங்கப் புறப்பட்ட மூலை வீட்டுப் பாட்டிதான் கதவு ஒருக்களித்திருப்பதைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

இது நடந்தது 2023 மே மாதம். குரோம்பேட்டைப் பக்கம் எங்கள் தெரு; மொத்தம் முப்பது வீடுகள் இருக்கும். அக்கா பேத்தியின் காதுகுத்துக்காகக் குலதெய்வம் கோயிலுக்குப் போய் நாலு நாள் ஆகியிருந்தது. பீரோவில் இருந்தது பதினாறு பவுன். இரண்டாவது பெண்ணின் கல்யாணத்துக்கென்று பதினோரு வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. அடுத்த தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

நான் சத்தம் கேட்டதை அக்காவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் ஒருநாள் சாயங்காலம் போய் அழுதுகொண்டே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “நீ வெளியில வந்திருந்தா உன்னை அடிச்சுப் போட்டிருப்பான்டி. ஆனா லைட்டை மட்டும் போட்டிருக்கலாம்ல?” என்றார். அந்த ஒரு கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

சகோதரிகளே, அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராத்திரி வித்தியாசமாகச் சத்தம் கேட்டால் கதவைத் திறக்காதீர்கள். வீட்டிலுள்ள எல்லா விளக்கையும் போடுங்கள். அந்த வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிக் கேளுங்கள், “வந்துட்டீங்களா?” என்று. வரவில்லை என்றால் உடனே 112-க்குப் பேசுங்கள். பழைய 100-ம் இருக்கிறது. அக்கம்பக்கத்து இரண்டு வீட்டை எழுப்புங்கள். திருடனுக்கு வெளிச்சமும் பேச்சுக் குரலும் பிடிக்காது. தூக்கத்தைக் கெடுத்துவிட்டோமே என்று வெட்கப்பட வேண்டாம். பத்து தடவை வீண் என்றாலும் போகட்டுமே!

விசாரிக்க வந்த ஏட்டய்யா உள்ளே போவதற்கு முன்னால் தெருவிலேயே நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தார். “ஏம்மா, இந்த வீட்ல ஆள் இல்லேன்னு எனக்கே இங்கேர்ந்தே தெரியுதே!” என்றார். கேட்டில் வெளிப்பக்கமாக ஒரு பெரிய பூட்டு. அதன் கீழே நாலு நாள் பேப்பர். ஊருக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போன போர்ட்டிகோ விளக்கு பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருக்கிறது. விளக்கு எரிந்தால் ஆள் இருப்பதாக நினைப்பான் என்று நாம் நினைக்கிறோம். பகலில் எரிகிற விளக்கு, அணைக்க ஆள் இல்லை என்றுதானே சொல்கிறது?

எல்லாவற்றுக்கும் மேலே, வாசலில் கோலம் இல்லை. வரிசையாக எல்லா வீட்டு வாசலும் தெளித்துக் கோலம் போட்டிருக்க, ஒரு வாசல் மட்டும் நாலு நாளாகக் காய்ந்து கிடந்திருக்கிறது. தினம் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போனேன். எனக்குத் தெரியவில்லை, அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

போதாக்குறைக்கு அக்காவின் மருமகன் கோயிலில் எடுத்த படங்களை எல்லாம் அன்றன்றைக்கே வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டிருந்தார்! ஊரிலிருந்து திரும்பிய பிறகு போட்டால் படம் என்ன புளித்தா போய்விடும்?

கதவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்கா வீட்டில் தொங்கிய பூட்டு நல்ல விலையுள்ள பூட்டு. அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை. கொண்டியையும் நாதாங்கியையும் பிடித்திருந்தது அரை அங்குல ஸ்க்ரூ நாலு. ஒரே நெம்பில் பூட்டோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. நாம் பூட்டுக்குத்தான் ஆயிரம் இரண்டாயிரம் கொடுக்கிறோம், அது தொங்குகிற இரும்பைப் பார்ப்பதில்லை. கதவின் மறுபக்கம்வரை துளைத்து போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்கச் சொல்லுங்கள். பலகைக்குள்ளேயே பதிந்திருக்கும் பூட்டு இருந்தால் இன்னும் நல்லது. வெளியிலிருந்து பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறதா என்றே தெரியாது. பின்கட்டுக் கதவை மறந்துவிடாதீர்கள். அப்புறம் பீரோ சாவி! அது பீரோவின் தலையிலேயே இருந்தது. உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள்.

அன்று காலை இன்னொரு தவறும் நடந்தது. தகவல் தெரிந்து முதலில் ஓடி வந்தவர்கள் அக்காவின் நாத்தனார் வீட்டார். இறைந்து கிடந்த புடவைகளைப் பார்க்கப் பொறுக்காமல் எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டார்கள், பீரோவையும் துடைத்துவிட்டார்கள். பெண் பிள்ளைகளின் கை சும்மா இருக்குமா? கைரேகை எடுக்க வந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். விரல் ரேகைக்கென்று உலகிலேயே முதல் கூடம் 1897-ல் நம் கல்கத்தாவில்தான் அமைந்தது என்று என் பெரியவன் பாடப் புத்தகம் மாதிரி ஒப்பிக்கிறான். அப்படிப்பட்ட தேசத்தில் நாம் துணியை எடுத்துத் துடைத்து வைக்கிறோம்! திருட்டுப் போன வீட்டில் போலீஸ் வரும்வரை எதையும் தொடாதீர்கள். யாரையும் உள்ளே விடாதீர்கள்.

இனி எழுதப் போவதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

“யார் மேலயாவது சந்தேகம் உண்டா?” என்று கேட்டார்கள். அக்கா வீட்டிலும் எங்கள் வீட்டிலும் பாத்திரம் தேய்த்த பெண்ணின் பெயரைத்தான் தெருவே சொன்னது. ஆறு வருஷமாக வருகிறவள். என் சின்னவனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை பறித்து வந்து கொடுத்தவள். நான் சொல்லவில்லை, ஆனால் சொன்னபோது பக்கத்தில் நின்று மறுக்கவும் இல்லை. இரண்டு நாள் ஸ்டேஷனுக்குப் போய் வந்தாள். அப்புறம் எங்கள் தெருவுக்கே வரவில்லை.

மூன்று மாதம் கழித்து வேறொரு வழக்கில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். எங்கள் தெருவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதவர்கள். அன்றைக்கு எங்கள் யாருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. ஒருநாள் மார்க்கெட்டில் அவளைப் பார்த்து, “மன்னிச்சுக்கோம்மா” என்றேன். “பரவாயில்லம்மா, தம்பி நல்லாருக்கானா?” என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். திரும்ப வேலைக்கு வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தெருவைக் காவல் காப்பது என்றால் முகம் தெரியாதவரையும் ஏழைப்பட்டவரையும் முறைத்துப் பார்ப்பது என்று எப்படியோ நாம் முடிவு செய்துவிட்டோம். 2018 மே மாதம் போளூர் பக்கம் என்ன நடந்தது, நினைவிருக்கிறதா? குலதெய்வம் கோயிலைத் தேடிப் போன சென்னை மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று வாட்ஸப்பில் சுற்றிய வதந்தியை நம்பியவர்கள் அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். அதனால் எங்கள் தெருவின் வாட்ஸப் குழுவில் யாருடைய போட்டோவையும் ‘இவரைப் பார்த்தால் உஷார்’ என்று போடக் கூடாது என்பதை முதல் விதியாக வைத்தோம். சந்தேகமாக யாராவது நின்றால், “யாருங்க வேணும்?” என்று மரியாதையாகக் கேட்டால் போதும். வேலையாக வந்தவர் பதில் சொல்வார். வேறு எண்ணத்தில் வந்தவர், தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று நடையைக் கட்டுவார்.

ஊர்க்காவல் நமக்கொன்றும் புதிதில்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்று அதற்காக ஒரு வரியே உண்டு. நாங்கள் வரியெல்லாம் போடவில்லை. ஐந்து ஐந்து வீடாகப் பிரித்துக்கொண்டோம், அவ்வளவுதான். ஊருக்குப் போகிறவர் அந்த ஐந்து வீட்டுக்கு மட்டும் சொல்ல வேண்டும். முப்பது வீட்டுக்கும் தண்டோரா போட வேண்டாம். கிளம்பும் நாள், திரும்பும் நாள், வருகிற நேரம், போன் நம்பர். ராத்திரி வருவதானால், “இத்தனை மணிக்கு வருவோம்” என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை. அது தெரிந்திருந்தால் அன்று ஒன்றரை மணிக்கு நான் திரும்பிப் படுத்திருப்பேனா? பேப்பரும் பாலும் பக்கத்து வீட்டுக்குப் போகும். விளக்கை ஒருவர் போட்டு அணைப்பார். ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவோம். பூட்டிய வீட்டைப் பற்றித் தகவல் கொடுத்தால் ராத்திரி ரோந்து வரும்போது பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

காமிராவும் வைத்தோம். சென்னை போலீஸ் 2017-ல் ‘மூன்றாவது கண்’ என்று தெருத்தெருவாகக் காமிரா வைக்கச் சொன்னபோது நாங்கள் செலவைப் பார்த்துத் தட்டிக் கழித்தவர்கள். ஆனால் ஒன்று, காமிரா பார்க்கும்; கூப்பிடாது. பதிவும் சில நாளில் தானாக அழிந்துவிடும், எனவே ஏதாவது நடந்தால் உடனே எடுத்து வைக்க வேண்டும். பதிவுப் பெட்டியை டி.வி. பக்கத்தில் வைக்காதீர்கள், திருடன் அதையும் சேர்த்து எடுத்துப் போவான்.

நகையில் ஏழு பவுன் திரும்பி வந்தது. இது தன் நகைதான் என்று கோர்ட்டில் காட்ட அக்காவிடம் பில் கிடையாது. மூத்த பெண்ணின் கல்யாண ஆல்பத்தில் அந்த ஆரம் தெளிவாக விழுந்திருந்ததால் பிழைத்தார். இன்றைக்கே உங்கள் நகைகளை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி ஒவ்வொன்றாகப் போட்டோ எடுங்கள். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையில் எச்.யு.ஐ.டி. என்ற ஆறு இலக்கக் குறியீடு கட்டாயமாகியிருக்கிறது. அதையும் குறித்து வையுங்கள். பாங்க் லாக்கர் நல்லதுதான். ஆனால் 2022 ஜனவரியிலிருந்து உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, லாக்கரில் திருட்டுப் போனால் பாங்க் பொறுப்பேற்பது ஒரு வருஷ வாடகையின் நூறு மடங்கு வரைதான். வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். உள்ளே இருப்பது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இவ்வளவும் பேசிய நான் மறு வருஷமே என் ஸ்கூட்டியைத் தொலைத்தேன்! பால் பூத்தில் இரண்டே நிமிஷம். சாவி வண்டியிலேயே. கையில் பாலோடு திரும்பினால் வண்டியைக் காணோம். அதன் உள்ளே ஒரிஜினல் ஆர்.சி. புத்தகமும் இருந்தது, வாங்குகிறவனுக்குச் சீதனம் மாதிரி. டிஜிலாக்கரில் போனிலேயே காட்டினால் செல்லும் என்று 2018-லேயே வந்தாயிற்று, ஒரிஜினல் வீட்டில் இருக்கலாம்.

வீட்டில் என் கணவர், “கவலைப்படாதே, அஞ்சு வருஷ இன்ஷூரன்ஸ் இருக்கு” என்றார். போய்க் கேட்டால் கையை விரித்தார்கள். 2018 செப்டம்பர் முதல் புது டூ வீலருக்கு ஐந்து வருஷம் போடுவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்குத்தான். நம் வண்டி திருடு போனால் கிடைக்க வேண்டிய பகுதி பெரும்பாலும் முதல் ஒரு வருஷத்துக்கு மட்டும். அப்புறம் வருஷா வருஷம் நாம் கட்ட வேண்டும். எங்களுடையது எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. கட்டியிருந்தாலும் இரண்டு சாவியையும் கேட்பார்கள். சாவியை வண்டியிலேயே விட்டிருந்தால் மறுக்கவும் வாய்ப்புண்டு. புகார் கொடுக்கும்போது சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதீர்கள். இன்ஷூரன்ஸுக்கு எப்.ஐ.ஆர். வேண்டும், அதன் நகல் இலவசம்.

இப்போது அக்கா சின்னப் பெண்ணின் வளைகாப்புக்காக மறுபடி ஊருக்குப் போயிருக்கிறார். கல்யாணம் ஒரு வருஷம் தள்ளித்தான் நடந்தது, ஏழு பவுனோடு. நல்ல சம்பந்தி, பெரிதுபடுத்தவில்லை. அவர் வாசல் இந்த வாரம் என் பொறுப்பு. தினம் காலை என் வீட்டு வாசலை முடித்துக்கொண்டு வாளியோடு எதிர்ப்பக்கம் போகிறேன். நேற்று கொஞ்சம் பெரிதாகவே ஒரு கோலம் போட்டு, போட்டோ எடுத்து அவருக்கு மட்டும் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

“ஏன்டி, மூணாவது வரிசையில ஒரு புள்ளியை விட்டுட்டியே!”