பாராதிருக்கும் திறன்

துரோணாசாரியர் மரக்கிளையில் பொம்மைப் பறவை ஒன்றை வைத்து, "என்ன தெரிகிறது?" என்று சீடர்களை ஒவ்வொருவராகக் கேட்ட கதையை நம் வீடுகளில் அறியாதார் இலர். மற்றவர்களுக்கு மரமும் கிளையும் உடன்பிறந்தாரும் தெரிந்தனர். அர்ச்சுனனுக்குப் பறவையின் தலை மட்டுமே தெரிந்தது. ஆசாரியர் மற்றவர்களைக் கடிந்து விலக்கினார். பரீட்சை நல்ல பரீட்சைதான். ஆனால் ஒருவனுக்கு வாய்த்த சக்தி மற்றவனுக்கு ஏன் வாய்க்கவில்லை என்று அவர் விசாரித்ததாகக் கதையில் இல்லை. அந்த விசாரணையை இக்காலத்து மனோதத்துவ நிபுணர்கள் மேற்கொண்டிருக்கிறார்கள்.

எதிரே உள்ள காட்சி முழுவதையும் ஒருங்கே தெளிவாகக் காண்பதாக நாம் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. விழித்திரையின் நடுவிலுள்ள ஒரு சிறு குழியே நுட்பமாகப் பார்க்கவல்லது. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் நகம் மறைக்கும் அளவுக்குச் சற்றேறக்குறைய உள்ள இடமே அதற்குப் புலப்படும். ஆகவே கண் விநாடிக்கு மூன்று நான்கு முறை ஓயாமல் தாவிக்கொண்டே இருக்கிறது. இத்தாவல்களுள் பல நம் உத்தரவுக்குக் காத்திருப்பவை அல்ல. ஓரத்தில் ஏதேனும் அசைந்தால் கண் தானே அங்கே பாய்ந்துவிடும். ஜன்னலில் காகம் வந்து இறங்கினால் வகுப்பு முழுவதும் திரும்புவது இதனால்தான். உபாத்தியாயரும் திரும்புகிறார் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

1978-ல் கனடா தேசத்து டொராண்டோ நகரில் பீட்டர் ஹாலட் என்பவர் ஓர் எளிய சோதனையை வகுத்தார். நடுவே உள்ள குறியைப் பார்த்திருப்பவருக்கு இடத்திலோ வலத்திலோ திடீரென ஒரு புள்ளி தோன்றும். அதைப் பார்க்கலாகாது, அதற்கு நேர் எதிரே, ஒன்றுமில்லாத வெற்றிடத்தைப் பார்க்க வேண்டும். தேக சுகமும் படிப்பும் உள்ள பெரியவர்களே இதில் பத்துக்கு ஒன்றிரண்டு தடவை தவறிவிடுகிறார்கள்.

ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் இங்கேதான் வெளிப்படுகிறது. ஒரு காரியத்தைச் செய்துகொண்டே மற்றொன்றை மனத்தில் தாங்கி நிற்கும் நினைவாற்றல் மிக்கவர்கள், அது குறைந்தவர்கள் என இரு கூட்டத்தாரை அமெரிக்காவில் மைக்கேல் கேன், ராண்டல் எங்கிள் முதலியோர் ஒப்பிட்டு 2001-ல் முடிவுகளை வெளியிட்டனர். புள்ளியைப் பார் என்றபோது இரு கூட்டத்தாரும் சமமே. பாராதே என்றபோதோ இரண்டாம் கூட்டத்தார் மிகுதியாகப் பிழை செய்தனர், காலமும் கூடுதலாயிற்று. பார்ப்பதற்கு ஒரு முயற்சியும் வேண்டியதில்லை. பாராதிருக்கத்தான் கட்டளையை மனம் விடாமல் பிடித்திருக்க வேண்டும். இந்தக் கடிவாளம் பெரும்பாலும் மூளையின் முன்பாகத்தில் இருக்கிறது. அப்பாகத்தில் சேதமுற்றவர்களுக்குக் கண்ணைத் தடுத்து நிறுத்துவது மிகக் கடினமாயிருப்பதை 1985-ல் வெளிவந்த கனடா ஆராய்ச்சி காட்டியது.

மூளையின் பகுதிகளுள் இந்த முன்பாகமே நிதானமாக முதிர்வது. ஆதலால் சிறு குழந்தைகள் இச்சோதனையில் பெரியவர்களைவிட மிக அதிகமாகத் தவறுகிறார்கள். வயது ஏற ஏறப் பிழை குறைந்து, பதினைந்து வயதை ஒட்டியே பெரியோர் நிலையை நெருங்குகிறது. அப்படியிருக்க, எட்டு வயதுப் பையனின் கண் வாசற்பக்கம் ஓடியதற்காக அவன் காதைத் திருகுவது எந்தச் சாஸ்திரத்தில் சேர்ந்தது? அவனை வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது.

மறுபுறம், கண்ணைக் கரும்பலகையில் நட்டு வைத்திருப்பவன் எல்லாம் பாடம் கேட்கிறான் என்றும் எண்ணலாகாது. விழியை அசைக்காமலே கவனத்தை வேறிடம் திருப்ப முடியும் என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம்மிடமே சோதித்துக் கண்டார். மேலும், கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் உள்ள சராசரி வித்தியாசத்தைக் கொண்டு ஒரு பிள்ளையின் புத்தியை அளந்து சொல்வதாக யாரேனும் கடை விரித்தால், நேயர்கள் அங்கே காசு கொடுக்க வேண்டாம்.

வீட்டில் விளையாட்டாகச் செய்து பார்ப்பதற்குத் தடையில்லை. எதிரே அமர்ந்தவரைத் தம் மூக்கைப் பார்த்திருக்கச் சொல்லி, இரு கைகளையும் விரித்து, ஏதேனும் ஒரு விரலைச் சட்டென அசைக்க வேண்டும். அவர் மற்றக் கையைப் பார்க்க வேண்டும். இருபது தடவை செய்து எண்ணிப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களை உட்கார்த்தி வைப்பது நலம்.