இடியன் துவக்கும் வன்னி உழவனும்

தமிழகத்தார் துப்பாக்கி என வழங்குவதை ஈழத்தமிழர் துவக்கு என்பர். வன்னி மக்கள் அதனுள்ளும் ஒன்றைப் பிரித்து ‘இடியன்’ என்று பெயரிட்டனர். தோட்டாவைப் பின்புறத்தே செலுத்தும் கடைத்துவக்கு அன்று அது. வாய்வழியே மருந்தை இட்டு இடித்து நிரப்பப்படுவதாற் பெற்ற பெயர். ஊர்க் கொல்லனின் உலைக்களத்திற் பிறந்த இக்கருவியைச் சமூக வரலாற்றுச் சான்றாக நோக்குவதே ஈண்டு எமது கருத்து.

இதன் இயக்கம் எளியது. குழலினுட் கருமருந்தைக் கொட்டித் தும்பு வைத்துக் கோலால் இடிப்பர். பின்னர் ஈயச் சன்னங்களை இட்டு மீண்டும் தும்பால் இறுக்குவர். குதிரை விழுந்து கேப்பை அடிக்க, அதிலெழும் பொறி சிறு துளைவழியே மருந்தைச் சேரும். பொறியை இரசாயன வெடிப்பினாற் பெறும் இம்முறைக்கு ஸ்கொத்லாந்து மதகுருவான அலெக்சாந்தர் போர்சைத் 1807இற் காப்புரிமை பெற்றார். குழலினுள்ளே சுரிவரி இல்லையாதலின் இடியனை ரைபிள் எனல் பொருந்தாது. அண்மையிலன்றிக் குறி தவறும். மாரிக்காலத்து ஈரம் மருந்திற் பட்டாற் சுடாது. ஒரு வெடி தீர்ந்தால், மறு வெடிக்கு விலங்கு காத்திராது. எனவே காற்றின் திசையறிந்து, மூச்சடக்கிக் கிட்ட நிற்பவனே வேட்டைக்காரனானான். மான், மரை வத்தல்களைப் பற்றி இன்றும் முதியோர் நாவூறப் பேசுவது இத்திறனின் எச்சமே.

சொல்லிச் செய்விக்கும் வழக்கம் வன்னிக்கு மட்டும் உரியதன்று. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1840இல் பிரிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்பாரிடந் தம் விருப்பப்படி வாய்வழி நிரப்பும் ரைபிள் ஒன்றைச் செய்வித்தார். அதன் நிறை 21 இறாத்தல். அதில் இட்ட உருண்டைக் குண்டு 3 அவுன்சு. பின்னர் இலங்கை வந்து யானைகளை வேட்டையாடி, அவ்வனுபவங்களை நூலாகவும் எழுதினார். மேஜர் றொஜர்ஸ் என்ற அதிகாரியோ ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவராகப் பேசப்பட்டவர். 1845இல் இடிவிழுந்து மாண்டார். இவர்தம் வேட்டை பொழுதுபோக்கு எனப் போற்றப்பட்டது. பயிர்காக்கவும் கறிக்காகவும் இடியன் ஏந்திய குடியானவனின் வேட்டையோ களவெனப்பட்டது. கருவியின் இனம் ஒன்றே. ஏந்திய கைகளின் வர்க்கமே வேறு.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் துவக்கு வைத்திருத்தலை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தியது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டையை வரையறுத்தது. காடழிவைக் காண்போர் பின்னதன் தேவையை மறுக்கவியலாது, நாமும் மறுத்திலம். ஆயின், அனுமதிப்பத்திரமின்றித் துவக்குச் செய்த கொல்லனின் கைத்திறன் குற்றமாயிற்று என்பதும் குறிக்கற்பாலது.

இரணைமடுக்குளத்து நீர் பாயும் பரந்தன், முரசுமோட்டை, கண்டாவளை வயல்களில் நெல் பாற்பருவம் எய்துங்காற் காட்டுப்பன்றி இறங்கும். ஓரிரவிற் கூட்டமொன்று உழக்கிய வயலில் அறுவடைக்கு மிஞ்சுவது சொற்பமே. 2009 தொடக்கத்தில் இப்பகுதி மக்கள் யாவரும் இடம்பெயர்ந்தனர். மீண்டபோது பற்றை படர்ந்த வயல்களையே கண்டனர். பற்றை பன்றிக்கு உறைவிடம். துவக்கென்ற சொல்லே ஐயத்துக்குரியதாகிவிட்ட மண்ணில், பரணிலிருந்து தகரத்தைத் தட்டிக் கூவும் உழவனுக்கு வேறு காவல் அரிது.

இந்நிலையிலேதான் இடியனின் கேடுற்ற வடிவமான கட்டுத்துவக்கை நோக்குதல் வேண்டும். விலங்கு செல்லும் தடத்தின் குறுக்கே நூல் கட்டி, அது இழுபட்டதும் வெடிக்குமாறு மரத்தோடு பிணைத்த குழல் அது. இடியன் ஏந்தியவன் எதிரில் நிற்பதைக் கண்டறிந்து சுட்டான், கட்டுத்துவக்குக்குக் கண்ணில்லை. சிறுத்தையும் யானையும் அதனாற் புண்படுகின்றன. வேட்டைக்காரனின் திறனை முற்றாக நீக்கி, வெடியை மாத்திரம் மிச்சம் வைத்த இதனைப் பயிர்காவல் என்று நியாயப்படுத்த எம்மால் இயலாது. பன்றியின் உயரத்துக்கென அளந்து கட்டப்படும் அந்நூல், விறகெடுக்கவும் தேனெடுக்கவும் காட்டினுட் செல்வோரின் முழங்கால் மட்டத்திலேயே கிடக்கின்றது.