தீவகத்துக்கு ஒரு சூப்பர் பைக்

காலை ஏழு மணியளவில் பண்ணைக் கடலின் நடுவே நீண்டு கிடக்கும் அந்த ஒற்றைத் தெருவில் நின்று பார்ப்பவர்களுக்குத் தீவகத்தின் வாழ்க்கை முழுவதும் கண்முன் தெரியும். மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை, கரம்பொன், ஊர்காவற்றுறை முதலிய ஊர்களிலிருந்து ஆசிரியர்களும், எழுதுவினைஞர்களும், கல்லூரி மாணவர்களும், மீன் பெட்டி கட்டிய வியாபாரிகளும் யாழ்ப்பாணப் பட்டினத்தை நோக்கி விரைவார்கள். பஸ் வண்டிகள் உண்டெனினும், பெரும்பாலோரைச் சுமப்பது மோட்டார் சைக்கிளே. அண்மைக் காலத்தில் அக்கூட்டத்தினிடையே புதியதொரு முழக்கம் கேட்கத் தொடங்கியிருக்கிறது. அகன்ற பின் ரயரும், பருத்த பெற்றோல் தாங்கியும், நான்கு சிலிண்டர்களும் கொண்ட பழைய ஜப்பானியச் சைக்கிள்களின் முழக்கம் அது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் அண்ணனோ மாமனோ அனுப்பும் பணத்தில் அத்தகைய ஒன்றை வாங்கித் தரும்படி பிள்ளை பிடிவாதம் பிடிக்கிறான். வேண்டாமென்று தாய் மறுக்கிறாள். தந்தையோ இரு பக்கமும் பேசாமல் பத்திரிகையை விரித்துக் கொள்கிறார். கரம்பொன்னில் மட்டுமன்றித் தீவகத்தின் வேறு வீடுகளிலும் நடக்கும் இந்த வழக்கிலே இரு திறத்தாருக்கும் உதவக்கூடிய சில செய்திகளைச் சொல்ல முற்படுகிறோம்.

சூப்பர் பைக் என்ற சொல் உலகில் பரவியது 1969 ஆம் ஆண்டில் ஹொண்டா நிறுவனம் தனது சீ.பி. 750 என்னும் சைக்கிளைச் சந்தைக்கு விட்ட பின்னரேயாம். நான்கு சிலிண்டர், 736 சி.சி. எஞ்சின், முன் சக்கரத்திற்குத் தட்டுப் பிறேக், விசை ஆழியை அழுத்தியதும் உயிர்பெறும் இயல்பு ஆகிய யாவும் ஒரே வண்டியில், சாதாரண மனிதன் வாங்கக்கூடிய விலையில் வந்தமை அக்காலத்தில் பெரும் புதுமை. ஆனால் நமது நாட்டின் கதை வேறு. 450 சி.சி.க்கு மேற்பட்ட சைக்கிள்களைப் பொதுமக்கள் பதிவு செய்வதற்கு இங்கே நெடுங்காலமாகக் கட்டுப்பாடு இருந்து வந்திருக்கிறது. ஆகவே நம் இளைஞர்கள் சூப்பர் பைக் என்று பெருமையோடு அழைப்பது பெரும்பாலும் 250 சி.சி. வகுப்பைச் சேர்ந்த ஹொண்டா ஹோர்னெற், சுசூக்கி பண்டிற், கவசாக்கி பலியஸ் முதலிய பழைய வண்டிகளையே.

இவ்வண்டிகள் பிறந்த காரணமும் சுவையானது. ஜப்பானிலே 250 சி.சி.க்கு உட்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு, பெரியவற்றுக்குள்ளது போன்ற காலமுறைக் கட்டாயப் பரிசோதனை இல்லை. செலவு மிக்க அந்தப் பரிசோதனையிலிருந்து தப்பியும், பெரிய சைக்கிளின் இன்பத்தை அநுபவித்தும் விடலாம் என்று அந்நாட்டு வாலிபர்கள் விரும்பினர். நிறுவனங்கள் அவர்களுக்காகவே சின்னஞ்சிறு சிலிண்டர்கள் நான்கை வரிசையாக அடுக்கி எஞ்சின் செய்தன. 1996 இல் வெளிவந்த ஹோர்னெற் 250 அத்தகையது. அதன் எஞ்சின் நிமிடத்திற்கு 14,000 தடவை சுழலும்போதுதான் தனது முழு வலுவாகிய 40 குதிரை வலுவைத் தரும். அச்சிறு எஞ்சினுக்குப் பின்னால் 180 மில்லிமீற்றர் அகலமுள்ள ரயர் ஒன்று பூட்டப்பட்டிருக்கிறது. சிறு பையன் தகப்பனாரின் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டது போன்ற காட்சி என்றே நமக்குத் தோன்றும். இதன் உற்பத்தி 2007 உடன் நின்றுவிட்டது. எனவே இன்று விலைக்கு வரும் மிக இளைய ஹோர்னெற்கூட வாக்குரிமை பெறும் வயதை எட்டிவிட்ட ஒன்று என்பதை வாங்குவோர் மனத்திற் கொள்ள வேண்டும். 2020 மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகள் யாவும் வயது ஏற ஏற விலையும் ஏறிய விந்தையை நாம் கண்டோம்.

இனிக் கணக்குக்கு வருவோம். கரம்பொன்னிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினம் ஏறத்தாழ 20 கிலோமீற்றர். போகவும் வரவும் நாளொன்றுக்கு 40. மாதத்தில் 25 நாள் என்று கொண்டால் 1,000 கிலோமீற்றர். சாதாரண ஒற்றைச் சிலிண்டர் வண்டி லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடுமாயின் மாதம் 20 லீற்றர் போதும். நான்கு சிலிண்டர் வண்டி லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடுமென்று வைத்துக்கொண்டால் 50 லீற்றர் வேண்டும். இந்த வேறுபாடு வெறும் பணத்தைப் பொறுத்தது மட்டுமன்று. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அப்போது கியூ.ஆர். முறை வந்த தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றே பங்கீடு இருந்தது. அந்த நாலு லீற்றரில் சிறு வண்டிக்காரர் 200 கிலோமீற்றர் ஓடி, வாரத்தின் ஐந்து நாட்களும் வேலைக்குப் போய் வரலாம். நான்கு சிலிண்டர்காரருக்கோ 80 கிலோமீற்றர். திங்களும் செவ்வாயும் போய் வந்தால் புதன்கிழமை பஸ் தரிப்பிடம்தான்.

அதற்கும் முந்திய காலமொன்று உண்டு. 1990 ஆம் ஆண்டு முதல் 1995 வரை, பெற்றோல் குடாநாட்டுக்கு வராத நாட்களில், யாழ்ப்பாணத்து மக்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினர். சிறு போத்தலில் பொன்போலப் பேணிய பெற்றோலில் சில துளியைக் கார்பரேற்றருக்குள் செலுத்தி எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும். ஆயினும் வண்டி ஓடும். அந்நாட்களில் எம்.டி. 90 போன்ற எளிய ஹொண்டாக்கள் சம்பாதித்த நன்மதிப்பு இன்றும் குறையவில்லை. ஒரு சிலிண்டர், ஒரு கார்பரேற்றர், குறைந்த அமுக்கம் என்னும் எளிமையே அவற்றின் பலம். அதிக அமுக்கமுடைய எஞ்சின்களோ எரிபொருளில் மிகவும் நாசூக்கானவை. குறிப்பிட்டதொரு வண்டிக்கு 95 ஒக்ரேன் பெற்றோல் தேவையெனில், வண்டியை விசாரிக்கு முன்னர் தமது ஊருக்குக் கிட்டிய நிரப்பு நிலையத்தில் அது எப்போதும் கிடைக்குமா என்பதை விசாரிப்பது நலம்.

தீவகத்தின் பெரும் பகைவன் உப்பு. வாடைக் காற்றும் சோளகக் காற்றும் மாறி மாறிக் கடல்நீர்த் துமியைத் தெருவிலே தூவும் இடம் பண்ணை. உப்பு படிந்த இரும்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொண்டு இரவு முழுவதும் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். கழுவினால் தீரும் என்பார்கள். உண்மைதான், நல்ல தண்ணீரால் கழுவினால். குடிக்கவே நன்னீர் அருமையான தீவுகளில் உவர்க் கிணற்று நீரை வாரி இறைத்துக் கழுவுபவர், தம்மை அறியாமலே உப்பின்மேல் உப்பைப் பூசுகின்றார். அரை வாளி நல்ல நீரில் துணியை நனைத்துத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் இட்டு வைப்பது உவர்நீரில் குளிப்பாட்டுவதிலும் எவ்வளவோ மேலானது. சங்கிலியை மூடும் பெட்டி சாதாரண வண்டிகள் பலவற்றில் உண்டு. பந்தய வடிவ வண்டிகளில் அழகு கெடுமென்று விட்டுவிட்டார்கள்.

ஆகவே பழைய வண்டியொன்றைப் பார்க்கப் போகிறவர் முதலில் எஞ்சினின் முழக்கத்துக்குக் காதைக் கொடாமல், உப்பின் சுவட்டைத் தேடிக் கண்ணைக் கொடுக்க வேண்டும். பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து உள்ளே டோர்ச் வெளிச்சம் பாய்ச்சினால் உட்சுவரின் துரு தெரியும். நான்கு கார்பரேற்றர்களின் ஊசித்துளை போன்ற வழிகளை அடைப்பது இந்தத் துருத்தூள்தான். ஆசனத்தைக் கழற்றி வயர்களின் பொருத்துகளைப் பார்க்க வேண்டும். செம்பிலே பச்சை பூத்திருந்தால் இரவில் நடுப் பாலத்தில் விளக்கு அணையும் நாள் தூரத்தில் இல்லை. அலுமினிய உறைகளில் வெள்ளைப் பொருக்கு, முன் தாங்கிக் குழாய்களில் எண்ணெய்க் கசிவு, சங்கிலிச் சில்லின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருத்தல் ஆகியன விலையைக் குறைத்துக் கேட்பதற்குப் போதிய காரணங்களாம்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலேயே பார்க்க வேண்டும். நாம் போகும்போதே அது சூடாக இருந்தால், விற்பவர் ஏதோ ஒன்றை மறைக்கவே முன்கூட்டி இயக்கி வைத்தார் என்று கொள்ளத் தடையில்லை. ஒரு தேநீர் அருந்தி, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பார்ப்போம் என்று சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் தேநீர் மறுப்பவர் எவருமிலர். குழாயில் நீலப்புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது என்பது பொருள். ஓடிய தூரத்தைக் காட்டும் மானியை நம்ப வேண்டியதில்லை. கால்மிதியின் றப்பரும் பிறேக் மிதியின் தேய்வும் அதைவிட உண்மை பேசும். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 1519 என்றால் 2019 ஆம் ஆண்டின் 15 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று அறியலாம். பொத்தான் மூக்குபோல மினுங்கும் தடிப்பு இருந்தாலும், பத்து வயது கடந்த ரயர் இறுகிப்போய்விட்டது. மழைத் தெருவில் அது பிடிக்காது. கைப்பிடியின் முனைகளும், எஞ்சின் உறையின் ஓரங்களும் உராய்ந்திருந்தால் வண்டி ஒருமுறையேனும் விழுந்தது. விழுந்தது பாவமன்று, சட்டம் வளைந்திருக்கிறதா என்பதே கேள்வி. முன் சக்கரத்தை மண்ணிலிருந்து உயர்த்திக் கைப்பிடியை இரு பக்கமும் மெல்லத் திருப்பினால் நடுவில் எங்காவது தட்டுப்படக்கூடாது.

பத்திரங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனெனில் எஞ்சினைத் திருத்தலாம், பத்திரத்தைத் திருத்த முடியாது. எஞ்சின் இலக்கமும் சட்ட இலக்கமும் பதிவுச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் அவசியம். உதிரிப் பாகங்கள் என்று சொல்லி இறக்கியவற்றைப் பொருத்தி, வேறொரு வண்டியின் இலக்கத்தை அதற்குச் சூட்டி விற்கும் கள்ளத்தனம் நாட்டில் நடந்திருக்கிறது. இலக்கம் பொறித்த இடத்தில் உராய்ந்து மெழுகிய அடையாளம் இருக்குமாயின் அந்த முற்றத்தை விட்டு வெளியேறுவதே அறிவுடைமை. சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனமொன்றின் பெயர் இருந்தால் கடன் தீர்ந்ததற்கான கடிதம் கையில் வரும்வரை முற்பணமும் கொடுக்க வேண்டாம். ஒப்பமிட்ட வெறும் மாற்றப் படிவத்தைக் கை மாற்றிக் கை மாற்றி, பெயரை மாற்றாமலே நாலைந்து பேர் ஓட்டித் தீர்த்த வண்டிகள் மிகப் பல. மலிவாயிருக்கிறதே என்று அதை வாங்குபவர், முதலாவது உரிமையாளர் வெளிநாடு போய்விட்ட செய்தியைப் பின்னர் அறிவார். அன்றியும் 100 சி.சி.க்கு மேற்பட்ட சைக்கிளை ஓட்டுவதற்கு ஏ வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். வீட்டிலுள்ள ஐம்பது சி.சி. வண்டியைக் காட்டிப் பெற்ற பத்திரம் இதற்குச் செல்லாது. விபத்தொன்று நேரின் காப்புறுதியும் கைவிடும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சிறு கணக்கு. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் செக்கனுக்கு ஏறத்தாழ 28 மீற்றர் கடக்கிறார். கண் கண்டு, மனம் உணர்ந்து, கை பிறேக்கைப் பற்றுவதற்கு ஒரு செக்கன் ஆகும். பிறேக் வேலை செய்யத் தொடங்குமுன்னரே 28 மீற்றர் போயிற்று. வேகம் இருமடங்கானால், பிறேக் பிடித்த பின் வண்டி நிற்கும்வரை ஓடும் தூரம் நான்கு மடங்கு. இது பௌதிகப் பாடத்திலே உள்ளது. மாலை மங்கும் வேளையில் வேலணைத் தெருவின் நடுவே கட்டாக்காலி மாடு ஒன்று அசைபோட்டுக்கொண்டு படுத்திருப்பது பாடத்தில் இல்லை. நமது தெருக்களில் மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேல் மோட்டார் சைக்கிள் செல்லச் சட்டம் இடந்தருவதில்லை. தெற்கிலுள்ள அதிவேக நெடுஞ்சாலைகளிலோ மோட்டார் சைக்கிளுக்கே இடமில்லை. நிமிடத்திற்கு 14,000 சுழற்சியில் விழித்தெழும் அந்த 40 குதிரைகளும் கரம்பொன்னில் வாழ்நாள் முழுதும் லயத்தில் கட்டிய படியே நிற்க வேண்டியதுதான்.

வீட்டிலுள்ள பிறரையும் மறக்கலாகாது. தீவகத்தில் ஒரு குடும்பத்துக்கு உள்ள ஒரே வாகனம் பெரும்பாலும் அந்த மோட்டார் சைக்கிளே. அம்மாவை வைத்தியசாலைக்கும், தங்கையைத் தனியார் வகுப்புக்கும், பாட்டியைக் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ கொண்டுபோவது யார்? பந்தய வடிவ வண்டியின் பின்னாசனம் சேலையுடுத்தவர் அமர்வதற்கென்று அமைந்ததன்று. ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் பாதையில் ஏற்றி இறக்கும்போது, வழக்கமான வண்டியிலும் அறுபது கிலோ கூடிய ஒன்றைச் சரிவிலே தாங்கிப் பிடிப்பதும் எளிதன்று.

இவ்வளவும் சொன்ன பின்னரும் பெரிய சைக்கிள்மீது கொண்ட காதல் தணியாதவருக்கு நாம் காட்டக்கூடிய வழி ஒன்று உண்டு. ஹொண்டா எக்ஸ்.ஆர். 250 போன்ற ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளைப் பாருங்கள். அதே 250 சி.சி.; காற்றாற் குளிரும் எஞ்சின்; ஒரே கார்பரேற்றர். ஆசனம் உயரம், ஆனால் நிமிர்ந்திருந்து ஓட்டலாம். குண்டுங்குழியுமான ஒழுங்கைகளை அது பொருட்படுத்தாது. பக்கவாட்டில் வரும் காற்றைப் பாய்போல் ஏந்தும் பிளாஸ்ரிக் மூடாக்கும் அதற்குக் கிடையாது. முழக்கம் குறைவுதான், அதனால் அயலாரின் தூக்கமும் தப்பும். நாளாந்த ஓட்டத்துக்கு மட்டுமெனில், நம் கருத்தில், நல்ல நிலையிலுள்ள 150 சி.சி. வண்டியொன்றே போதும்.

எதைத் தெரிந்தாலும் பேரத்தை முடிக்குமுன் வண்டியை ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதோடு நின்றுவிடக்கூடாது. விற்பவரையும் உடன் அழைத்துக்கொண்டு, ஆடி மாதத்துச் சோளகம் வீசும் பிற்பகலொன்றிலே, பின்னால் ஓர் ஆளை ஏற்றி, பண்ணைத் தெருவில் மண்டைதீவுச் சந்தி மட்டும் போய்த் திரும்ப வேண்டும். காற்று வண்டியை எந்தப் பக்கம் தள்ளுகிறது, கை எவ்வளவு நோகிறது, பின்னாலிருப்பவர் என்ன சொல்கிறார் என்பவற்றைக் கேட்டுக்கொண்டு, அதன் பின்னர் விலையைப் பேசலாம்.